போன் சீனைத் தூக்காதீர்கள்

1. ஞாயிற்றுக்கிழமைக் கூச்சல்

ஞாயிற்றுக்கிழமை மேட்னி, ஹவுஸ்ஃபுல். படம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது உள்ளே ஒரே கூச்சல். ஏசியில் புகை வந்துவிட்டதோ என்று ஆபீஸ் அறையிலிருந்து எழுந்து ஓடினேன். புகையெல்லாம் திரையில்தான் இருந்தது. ஹீரோ கறுப்புக் கோட்டும் கூலிங்கிளாஸுமாக, எரிகிற காருக்கு முன்னால் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். வழக்கமாக அந்த நடைக்கு விசில் காதைக் கிழிக்கும். அன்றைக்கு முன்வரிசைப் பையன்கள் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, மேலே ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஆபரேட்டரு, போன் சீன் எங்க?"

நான் பெரம்பலூரில் ஒரு தியேட்டரில் மேனேஜராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் அரியலூரில் வேறொரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவன். இப்போது இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள், ஒரு ஆக்‌ஷன் படம் ஏன் ஓடுகிறது, இன்னொன்று ஏன் படுத்துக்கொள்கிறது என்று. முழுசாக எனக்கும் தெரியாது. தெரிந்த கொஞ்சமும் அந்தக் கூச்சலில் தொடங்கித் தெரிந்துகொண்டதுதான். அதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் ஒரு பழக்கம் உண்டு. படம் நீளமாக இருந்தால் நாங்களே சுருக்கிவிடுவோம். "தூக்குவது" என்று பெயர். ஒரு பாட்டைத் தூக்குவோம், அம்மா சென்டிமென்டைத் தூக்குவோம். பெட்டியில் ஃபிலிம் வந்த காலத்தில் அதற்குக் கத்தரி வேண்டியிருந்தது. டிஜிட்டல் வந்த பிறகு ஆபரேட்டர் சர்வரில் நேரத்தைத் தட்டி அடுத்த காட்சிக்குத் தாவிவிடுவார், அவ்வளவுதான். டைரக்டர் பார்த்தால் அழுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஐந்து காட்சி ஓட்டும் பாடு டைரக்டருக்குத் தெரியாது.

அந்தப் படத்தில் எதைத் தூக்குவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கோடவுனில் ஒரு பெரிய சண்டை. ஹீரோ ஒரு கூட்டத்தையே சாய்த்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் போவார். கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து, ரத்தம் வழிகிற விரலால் மகளுக்குப் போன் போடுவார். பல வருடமாக முகம் பார்க்காத மகள். அவள் எடுத்து "ஹலோ, யாருங்க?" என்பாள். இவர் பேசமாட்டார். அவளுக்குப் புரிந்துவிடும். போனை வைக்கவும் மாட்டாள், "அப்பா" என்று கூப்பிடவும் மாட்டாள். அப்படியே அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம், குழாய்ச் சத்தம், குழந்தை சிணுங்கல், குக்கர் விசில். இவர் மாடியில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். பின்னணி இசைகூடக் கிடையாது. கடைசியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிடும். இவர் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார்.

வசனம் இல்லை, இசை இல்லை, அடி இல்லை. "இது என்னய்யா, சமையல் புரோகிராமா? தூக்கு" என்றார் முதலாளி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆபரேட்டர் பாஸ்கர் கோடவுனிலிருந்து நேராக எரிகிற காருக்குத் தாவிவிட்டார். பெரம்பலூரே எங்கள் மேல் பாய்ந்தது.

காட்சி முடிந்ததும் ஒரு பையன் என் அறைக்கு வந்தான். அந்தப் படம் வந்த புதிதில் எங்கள் ஊர்ப் பையன்களெல்லாம் அதே மாதிரி நீளக் கறுப்புக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு அலைந்தார்கள். கல்லு காய்கிற வெயிலில், சின்ன வெங்காய மூட்டை இறக்குகிறவன்கூடக் கோட்டோடு இறக்கினான். இவனும் கோட்டுக்காரன். வியர்வையில் குளித்திருந்தான். சண்டைக்குத்தான் வந்தான் என்று பார்த்த யாரும் சொல்வார்கள்.

"அண்ணே, நேரம் பத்தலன்னா சண்டையக் கொறைங்க. போன் சீன ஏன்ணே தூக்குறீங்க?" என்றான். "நாலாவது தடவ வரேன். அதுக்குத்தான் வரேன்."

அடுத்த காட்சியிலிருந்து போன் சீனைப் போடச் சொல்லிவிட்டு, நானே உள்ளே போய் நின்று பார்த்தேன். படம் முழுக்க நாற்காலி மேல் ஏறி நின்ற கூட்டம் அந்தக் காட்சிக்குத் தானாக உட்கார்ந்தது. அந்தச் சில நிமிடங்கள் எங்கள் தியேட்டரில் விசில் அடித்தது குக்கர் மட்டும்தான்.

2. பாதியில் போகிறவர்

இப்படி உள்ளே நின்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அந்த மனிதர் என் கண்ணில் பட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஓரத்து சீட். போன் சீன் முடிந்து ஹீரோ கோட்டை மாட்டும்போது எழுந்து போய்விடுவார். கிளைமாக்ஸ் பார்ப்பதில்லை. வில்லன் செத்தானா பிழைத்தானா என்கிற கவலையே அவருக்கு இல்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி வருவார், மறுபடி அதே இடத்தில் எழுந்து போவார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் கிளைமாக்ஸ் பைத்தியம். ஒருநாள் அவர் வெளியே வரும்போது பின்னாலேயே போய், எதிர்த்த டீக்கடையில் பிடித்துக்கொண்டேன். படத்தில் ஏதாவது குறையா, சத்தம் அதிகமா என்று மேனேஜர் தோரணையில் ஆரம்பித்தேன். அவர் பயந்துபோய், டிக்கெட் எடுத்துத்தான் பார்த்தேன் சார் என்றார்.

பெயர் செல்வராசு. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் டம்பர் லாரி ஓட்டுகிறார். காலை ஷிப்ட் முடித்துவிட்டு பஸ் மாறி வருகிறார். முகம் கழுவியிருந்தாலும் இமையிலும் காது மடலிலும் வெள்ளைத் தூசி ஒட்டியிருந்தது. உங்களுக்குப் பக்கமாக இருக்கிற அரியலூரிலும் இதே படம்தானே ஓடுகிறது, இவ்வளவு தூரம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்க பூரா தெரிஞ்ச மூஞ்சிங்க, சார். டம்பர் ஓட்டுறவன் படம் பாத்து அழுவுறான்னு சொல்லுவானுங்க."

அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் அந்த டீக்கடையில் நின்று பேசுவோம். கதை ஒரே மூச்சில் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு துண்டாக வந்தது. மனைவி இல்லை. ஒரே மகள், கலையரசி. மூன்று நான்கு வருடத்துக்கு முன்னால், தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அரும்பாவூருக்குப் போய்விட்டாள். பையன் சொந்தமாகச் சின்ன லோடு வண்டி வைத்து ஓட்டுகிறவன். நல்ல பையன் என்று பின்னால் பலரும் சொன்னார்களாம். கல்யாணத்தன்று மகள் போன் செய்திருக்கிறாள். இவர் மைன்ஸ் பள்ளத்தில் வண்டிக்குள் இருந்திருக்கிறார். கோபத்தில், இனி இந்த நம்பருக்குக் கூப்பிடாதே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"சொன்ன சொல்லக் கேக்காத பொண்ணு சார் அது. சின்னதுலேர்ந்து ஒண்ணு சொன்னா ஒம்போது செய்யும். இந்த ஒண்ண மட்டும் கேட்டுக்கிச்சு."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை. மைன்ஸில் ஆளாளுக்குப் புது நம்பர், புது போன் என்று மாற்றிக்கொண்டார்கள். இவர் அந்தப் பழைய பட்டன் போனையும் நம்பரையும் விடவில்லை. அதில் இரண்டு எண் அழுந்தாது. அந்த இரண்டும் மகளுடைய நம்பரில் இல்லை என்பதால் பரவாயில்லை என்று வைத்திருந்தார். ஒருநாளும் போட்டதில்லை.

எனக்கு இது வேற்றுக் கதையாகப் படவில்லை. என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். எங்களுக்குள் சண்டையெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களாப்பா என்பான். சாப்பிட்டேன், நீ என்பேன். மாத்திரை போட்டீங்களா என்பான். பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றி "வேற?" என்போம். வேறு ஒன்றும் இருக்காது. வைத்துவிடுவோம். அவன் அம்மா இருந்தவரை அவள்தான் பேசுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பேசக் கற்றுக்கொடுக்க ஆளில்லை.

அதனால் செல்வராசு எழுந்து போகிற இடம் வந்தால் நானும் கிளைமாக்ஸுக்கு நிற்காமல் அவர் பின்னாலேயே வெளியே வர ஆரம்பித்தேன். ஆக்‌ஷன் படம் பார்க்க வருகிற ஆம்பிளைகளைப் பற்றி எனக்கு ஒரு கணிப்பு உண்டு. கோட்டு, கூலிங்கிளாஸ், பைக், ஸ்லோமோஷன் இதெல்லாம் அவனை உள்ளே கூட்டி வருவதற்கு. சண்டைப் படத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் தைரியமாகச் சொல்லிவிட்டு வரலாம். அழுகிற படத்துக்குப் போகிறேன் என்று எவன் சொல்லுவான்? உள்ளே வந்து, இருட்டில் உட்கார்ந்து, இத்தனை பேரை அடித்தவனுக்கே வீட்டில் ஒரு வார்த்தை பேச வரவில்லை என்று பார்க்கும்போது, நம் ஆளுக்கு ஒரு ஆறுதல்.

3. இரண்டு டிக்கெட்

படம் மாறுகிற வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை புதுப்படம். வியாழக்கிழமையோடு பழைய படத்துக்குக் கீ முடிகிறது. கீ என்றால் வேறொன்றுமில்லை, கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டரில் அனுப்புகிற பூட்டுச்சாவி. அதில் குறித்த நேரம் தாண்டினால் படம் நம்மிடமே இருந்தாலும் ஓடாது.

புதன்கிழமை இதைச் செல்வராசுவிடம் சொன்னேன். சொந்தக்காரர் ஊருக்குப் போகிறார் என்று கேட்ட மாதிரி நின்றார். ரொம்ப நேரம் டீக் கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்துவிட்டு, நாளை மேட்னிக்கு இரண்டு டிக்கெட் போட்டு மகளுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். நம்பரைப் பார்க்காமலே சொன்னார்.

நேரில் போய்க் கூப்பிடலாமே என்றேன்.

"போயி என்ன சார் சொல்லுவேன்? எனக்கு வராது. நான் சொல்ல வேண்டியது பூரா அந்தப் படத்துல இருக்கு. அவ அந்த எடத்தப் பாத்தா போதும்."

மூன்றாவது டிக்கெட் வேண்டாமா என்று கேட்டதற்கு, மருமகனுக்கும் சேர்த்துத்தான் இரண்டு, தனக்கு வேண்டாம் என்றார். மருமகன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தியேட்டர் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் டிக்கெட்டை அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். நாங்கள் டிக்கெட் போடவில்லையே, யார் போட்டது என்றாள். ஒருவர் போட்டார், பெயர் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார் என்றேன். எனக்குப் பொய் சரளமாக வராது. அந்தப் பக்கம் லோடு வண்டி ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

"ஆலத்தியூராங்க சார்?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. என்ன படம் என்று கேட்டாள். சண்டைப் படம்தான், ஆனால் கோடவுன் சண்டை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகு ஒரு காட்சி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

4. முதலாளியின் உத்தரவு

வியாழக்கிழமை பார்த்து மின்வாரியத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து கரன்ட் இல்லை. ஜெனரேட்டரில் ஓட்டிய காலைக்காட்சி நடுவில் நின்று நின்று ஓடியதில் மேட்னி முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. அதற்கு அடுத்த காட்சியை ஒரு கான்ட்ராக்டர் தன் ஆட்களுக்காக மொத்தமாகப் பேசியிருந்தார். அது நேரத்துக்குத் தொடங்கியாக வேண்டும். முதலாளி திருச்சியிலிருந்து போன் செய்தார். இரண்டு பாட்டையும் அந்தச் சமையல் புரோகிராமையும் தூக்கிவிடச் சொன்னார். கடைசி நாள், வியாழக்கிழமை, நாலு பேர் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும் என்றார்.

நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே டீக்கடையில் செல்வராசு நின்றுகொண்டிருந்தார். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். தியேட்டர் பக்கம் வரவே இல்லை. டீக்கடையின் பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. முதலில் பையன் இறங்கினான். பிறகு அவள் இறங்கினாள், தோளில் ஒரு குழந்தையோடு. அவர்கள் உள்ளே போனதும் நான் ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போனேன். செல்வராசு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொழந்த இருக்குன்னு சொன்னாங்க. பாத்ததில்ல. பொண்ணா, பையனா சார்? கம்மல் போட்டுருந்துச்சா?"

கம்மல் போட்டிருந்தது என்றேன். சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார். போன் சீன் வருமில்லையா சார் என்று கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் முதலாளியின் உத்தரவு உறைத்தது. அந்தக் கீ இன்றோடு சரி. இந்தக் காட்சியில் அது ஓடவில்லை என்றால், அந்தப் பெண் வெறும் வெட்டுக்குத்தைப் பார்த்துவிட்டு, இதற்குத்தானா அப்பா கூப்பிட்டார் என்று அரும்பாவூருக்கு வண்டி ஏறிவிடுவாள். இன்னொரு டிக்கெட் அனுப்ப இந்த மனிதருக்கு இந்த ஜென்மத்தில் தெம்பு வராது.

படியேறி ஆபரேட்டர் அறைக்குப் போனேன். பாஸ்கர் உத்தரவை ஏற்கெனவே கேட்டுவிட்டு, எந்த இடத்தில் தாவுவது என்று குறித்துவைத்திருந்தார். நேரம் எவ்வளவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். பாட்டு இரண்டும் போனாலும் போதவில்லை. எனக்குக் கோட்டுக்காரப் பையன் சொன்னது ஞாபகம் வந்தது.

"கோடவுன் சண்டையத் தூக்குங்க" என்றேன்.

பாஸ்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தச் சண்டைதான் போஸ்டரில் இருந்தது. அதற்காகத்தான் ஊரே கோட்டு தைத்தது. சீட்டைக் கிழித்துவிடுவார்கள் சார் என்றார். கதவைத் திறந்து ஹீரோ உள்ளே போவது மட்டும் இருக்கட்டும், அடுத்தது நேராக மொட்டை மாடி, கோட்டில் ரத்தம் இருக்கிறது, என்ன நடந்தது என்று நம் ஜனத்துக்குப் புரியாதா என்றேன். முதலாளி கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள் என்று அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே குறித்ததை அழித்து வேறு குறித்தார்.

அந்த இடம் வந்தபோது உள்ளே போய்க் கதவோரம் நின்றேன். ஹீரோ கோடவுன் கதவைத் திறந்தார். அடுத்த நொடி மொட்டை மாடி. எங்கிருந்தோ இரண்டு பேர் "டேய்" என்று ஆரம்பித்தார்கள். ஹீரோ கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் போனை எடுத்ததும் அவர்களும் அடங்கிவிட்டார்கள்.

நான் திரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தேன். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. திரையில் மகள் போனை அடுப்பு மேடையில் வைத்தாள். வெங்காயம் நறுக்குகிற சத்தம் வந்தது. கலையரசி முதலில் அசையவே இல்லை. குக்கரின் முதல் விசில் வந்ததும் முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் புருஷன் குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான். போன் அணைந்து, ஹீரோ கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்ச் சண்டையெல்லாம் போட்டு முடித்த பிறகும் அவள் கை வாயிலிருந்து எடுபடவில்லை.

5. பக்கத்துப் பக்கத்து சீட்

படம் விட்டதும் எல்லாரும் போன பிறகு மூவரும் கவுன்டருக்கு வந்தார்கள். டிக்கெட் போட்டவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று அவள் கேட்டாள். உள்ளே இல்லை அம்மா என்றேன். என் கண் தானாக டீக்கடைக்குப் போய்விட்டது. அவளும் பார்த்தாள். செல்வராசு சட்டென்று திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு பிஸ்கட் பாட்டிலை ஆராய்ந்தார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. பசித்தவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

போய்ப் பேசும்மா என்றேன்.

"இப்ப நான் போயி நின்னன்னா பஸ் ஏறி ஓடிருவாரு சார். எனக்குத் தெரியும் அவர" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு இதே ஷோவுக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க. பக்கத்துப் பக்கத்து சீட்டா."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. நாளைக்கு இந்தப் படம் இல்லை, இன்றோடு முடிகிறது என்று கீ கதையைச் சொன்னேன். வேறு என்ன படம் என்றாள். புதுசு, பேய்க் காமெடியாம், நேற்று ராத்திரி டெஸ்ட் போட்டுப் பார்த்த பாஸ்கரே பேயறைந்த மாதிரி வெளியே வந்தார், உங்களுக்கு வேண்டாம் என்றேன்.

"எதுவா இருந்தா என்னங்க சார். அதுக்கே குடுங்க."

இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். ஒன்றைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை என்னிடமே திருப்பி நீட்டி, அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். அவள் புருஷன், நாளைக்கு நான் வண்டியிலேயே இருக்கிறேன், பாப்பாவை மட்டும் கூட்டிப் போ என்றான். லோடு வண்டி கிளம்பி ரோட்டு முனை திரும்புகிற வரைக்கும் செல்வராசு பிஸ்கட் பாட்டிலை விட்டு நகரவில்லை.

டிக்கெட்டைக் கையில் கொடுத்தபோது முதலில் அவருக்கு விளங்கவில்லை. படம் மாறிவிட்டதே சார் என்றார். ஆமாம் என்றேன். அந்த சீன் இருக்காதே என்றார். இருக்காது என்றேன். பிறகு மெல்லப் புரிந்தது. டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு, எதையெல்லாம் தூக்கினாய் என்று கேட்டார். கோடவுன் சண்டையை என்றேன்.

"யோவ், அதுதானய்யா படமே" என்றார்.

இல்லைங்க என்றேன். அவரிடம் நான் இல்லைங்க என்று சொன்னது என் சர்வீஸில் அபூர்வம். அவரும் ஆச்சரியத்தில் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை செல்வராசு தேய்த்த சட்டையில் வந்தார். இமையில் தூசி இல்லை. எத்தனை தடவை கழுவினாரோ, முகம் சிவந்திருந்தது. கலையரசி குழந்தையோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். நான்தான் கூட்டிப்போய் சீட்டைக் காட்டினேன். அவர் சீட்டின் விளிம்பில், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாப்கார்ன் பொட்டலத்தை இரண்டு பேருக்கும் நடுவில், கைப்பிடி மேல் வைத்தாள்.

படம் நான் பயந்ததைவிட மோசம். ஒரு பேய் ஓட்டலில் பரோட்டா போட்டது. இன்டர்வெலுக்குக் கொஞ்சம் முன்னால் எட்டிப் பார்த்தேன். குழந்தை அவர் மடியில் நின்றுகொண்டு, அவர் கையிலிருந்து பாப்கார்னை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. கூட்டம் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள், பேசினார்களா என்றே எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது பாப்பா அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கலையரசி கொஞ்சம் முன்னால் நடந்து, அவர் வருகிறாரா என்று ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு நடந்தாள்.

கிளைமாக்ஸ் வரைக்கும் அவர் உட்கார்ந்திருந்த முதல் படம் அது. என்னைக் கடக்கும்போது, படம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்ல படம் சார். ரொம்ப நல்ல படம்" என்றார். நாலு எட்டு போனவர் திரும்பி வந்து, குழந்தை முழித்துவிடாமல் மெதுவாகக் கேட்டார். "படத்துப் பேரு என்ன சார்?"

6. புதிதாக வருகிறவர்களுக்கு

நீங்கள் எவ்வளவு பெரிய புரொஜெக்டர் வைத்தாலும், முதலாளி நேரமில்லை, எதையாவது தூக்கு என்பார். தூக்கத்தான் வேண்டும். அப்போது சண்டையைத் தூக்குங்கள். வாயில் விரலை வைத்து விசிலடிக்கிறவன், கோட்டுக்காரன், தூசி அப்பிய டிரைவர் எல்லாரும் எந்த இடத்தில் சத்தம் போடாமல் உட்காருகிறார்கள் என்று உள்ளே போய் நின்று பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மகன் வழக்கம் போலக் கூப்பிட்டான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா எல்லாம் முடிந்தது. வேற என்றான். எனக்கு வைக்க மனம் வரவில்லை. அவன் பேசவேண்டும் என்றுகூட இல்லை. அவன் இருக்கிற இடம் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாதே என்று ஏக்கமாக இருந்தது. என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்றேன். சமைக்கப் போறேன்ப்பா என்றான்.

"போன வைக்காதடா. அடுப்பு மேடையில வெச்சுட்டு நீ வேலயப் பாரு" என்றேன்.

அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பான். பிறகு டொக்கென்று போனை எதன் மேலோ வைத்தான். குழாய் ஓடியது. கத்தி பலகையில் தட்டுகிற சத்தம் வந்தது. பாட்டு ஒன்றை முனகினான். அவன் அம்மா முனகுகிற பாட்டு. அது இவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் விசிலுக்காகக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னான், அங்கே அவனிடம் இருப்பது கரன்ட் குக்கராம். விசில் வராதாம்.